நீரிழிவு விழித்திரை ஆய்வுக்குக் குட்டைப்பன்றி சரிவருமா? ஓராண்டுக்குள் என்ன தெரியும்?

கேள்வி – வெண்படலம்

வணக்கம். கண்ணுக்குள் ஊசி வழியாக வைத்தால் மாதக்கணக்கில் விஇஜிஎஃப் (ரத்தநாளங்களை வளர்த்துக் கசியவைக்கும் புரதம்) தடுப்பு மருந்தை மெல்ல விடும் இம்ப்ளான்ட் ஒன்றை எங்கள் குழு சோதித்துவருகிறது. ஸ்ட்ரெப்டோசோடோசின் (இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொன்று நீரிழிவை வரவழைக்கும் பொருள்) கொடுத்த எலிகளில் எங்கள் மருந்தைத் திரவமாகச் செலுத்திப் பார்த்ததில் ரத்தநாளக் கசிவு குறைந்தது. ஆனால் எலிக்கண்ணில் லென்ஸே பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது. மனிதருக்கான அளவில் செய்த இம்ப்ளான்ட்டை அதற்குள் வைக்க வழியில்லை. அடுத்ததாகப் பெரிய விலங்குக்குப் போகச் சொல்கிறார்கள்.

இருப்பது ஓராண்டு, பன்னிரண்டு விலங்குகளுக்கான பணம். யுகட்டான் குட்டைப்பன்றிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்து நீரிழிவை வரவழைத்து, ஆறாம் மாதம் இம்ப்ளான்ட் வைத்து, பன்னிரண்டாம் மாதம் கண்களை எடுத்துப் பார்ப்பது என்று திட்டம்.

அதற்குள் பன்றிக்கு மாக்குலா (விழித்திரையில் கூர்பார்வைக்கான மையப் பகுதி) வீக்கம் வருமா? ஸ்ட்ரெப்டோசோடோசின் எந்த அளவில், சர்க்கரையை எங்கே நிறுத்துவது? ஓசிடியும் (விழித்திரை அடுக்குகளை ஒளியால் எடுக்கும் ஸ்கேன்) ஆஞ்சியோகிராமும் (சாயம் செலுத்தி ரத்தநாளங்களை எடுக்கும் படம்) எடுக்கும்போது எங்கே சறுக்கும்? நாயோ குரங்கோதான் சரி என்றால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 1 – விழிவைத்தியர்

முதலில் கெட்ட செய்தி. பன்றிக்கு மாக்குலாவே கிடையாது. கூம்பு செல்கள் அடர்ந்த ஒரு கிடைப்பட்டை, பார்வை நரம்புத் தட்டுக்கு மேலே ஓடுகிறது. நடுவில் குழி இல்லை. எனவே ‘மாக்குலா வீக்கம்’ என்று திட்டத்தில் எழுதினால் பரிசீலிப்பவர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். ‘மையப் பகுதியில் விழித்திரைத் தடிப்பு’ என்று எழுதலாம். ஆனால் ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்த பன்றியில் ஓராண்டுக்குள் அதுவும் வரும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

வரக்கூடியது என்ன? நுண்நாளங்களின் அடிச்சவ்வு தடிப்பது உறுதியாகத் தெரியும். 2002-இல் ஹெயின்ஸ்வொர்த் குழு அலாக்சான் (நீரிழிவை வரவழைக்கும் இன்னொரு பொருள்) கொடுத்த யுகட்டான் பன்றிகளில் 20 வாரத்திலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் காட்டியது. ஈஆர்ஜி (விழித்திரையின் மின் அலைப் பதிவு) மாற்றங்களையும் எதிர்பார்க்கலாம். பெரிசைட் (நுண்நாளங்களைச் சுற்றித் தாங்கும் செல்) இழப்பு ஓராண்டில் கொஞ்சம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். மைக்ரோ அனியூரிசம் (நுண்நாளப் புடைப்பு), ரத்தக்கசிவுப் புள்ளி இவற்றுக்கு ஓராண்டு போதாது. புதுநாளங்கள் முளைக்கும் கட்டத்தை, சர்க்கரையை மட்டும் ஏற்றி, நம்பகமாகக் கொண்டுவரும் பெரிய விலங்கு மாதிரி எதுவும் இன்றுவரை இல்லை.

நாயைப் பற்றிக் கேட்டீர்கள். மனிதரின் ஆரம்ப விழித்திரை நோயை மிக நெருக்கமாகக் காட்டுவது நாய்தான். விஸ்கான்சினில் எங்கர்மன் குழு 1977-இல் வெளியிட்ட வேலை இந்தத் துறைக்கே அடித்தளம்: அலாக்சான் நீரிழிவு நாய்களை ஐந்தாண்டு வைத்திருந்து, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தவற்றில் நோய் பெருமளவு தடுக்கப்படுவதைக் காட்டினார்கள். மனிதரில் இதை நிறுவிய டிசிசிடி ஆய்வு முடிய 1993 ஆனது. 1987-இல் எங்கர்மனும் கெர்னும் இன்னொன்று செய்தார்கள். இரண்டரை ஆண்டு சர்க்கரையை மோசமாக விட்டு, அடுத்த இரண்டரை ஆண்டு நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். கட்டுப்பாடு தொடங்கிய நேரத்தில் விழித்திரையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் நோய் பின்னால் வந்து சேர்ந்தது. இன்று ‘மெட்டபாலிக் மெமரி’ என்று எல்லோரும் சொல்வதன் ஆரம்பம் அது. அந்தக் காலக் கணக்கைக் கவனியுங்கள்: இரண்டரை கூட்டல் இரண்டரை. உங்களிடம் இருப்பது ஒன்று.

நாயில் இன்னொரு தலைவலி கண்புரை. நாய் லென்ஸில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதி சுறுசுறுப்பாக இருப்பதால் சர்பிட்டால் சேர்ந்து, நீர் இழுத்து, லென்ஸ் வெளுத்துப்போகும். வீட்டு நாய்களிலேயே நீரிழிவு கண்டறிந்த ஐந்தாறு மாதத்துக்குள் பாதிக்குக் கண்புரை வந்துவிடுகிறது. லென்ஸை எடுக்காமல் விழித்திரையைப் படம் எடுக்க முடியாது. எடுத்தால் அந்த அறுவையின் அழற்சியே ஒரு குழப்பக் காரணி. போதாக்குறைக்கு நாய் விழித்திரையின் மேல்பாதிக்குப் பின்னால் டபீட்டம் என்ற பிரதிபலிப்புப் படலம். ஒளி திரும்பி வந்து படத்தைக் கெடுக்கும். பன்றிக்கு அது இல்லை.

நாய்க்கு 30 சதவீதம் கேலக்டோஸ் கலந்த தீனி கொடுத்தால் சர்க்கரையும் இன்சுலினும் இயல்பாக இருக்கும்போதே அதே விழித்திரை மாற்றங்கள் வரும். அதுவும் ஆண்டுக்கணக்கு வேலைதான். அந்த மாதிரியை வைத்து ஆல்டோஸ் ரிடக்டேஸ் தடுப்பு மருந்துகள்மீது பெரிய நம்பிக்கை எழுந்தது. அவற்றில் ஒன்றான சார்பினில் மருந்து மனிதரிலும் பலன் தரவில்லை, 1993-இல் எங்கர்மன், கெர்ன் வெளியிட்டபடி நாய்களிலும் விழித்திரையைக் காக்கவில்லை. லென்ஸில் நடப்பதை வைத்து விழித்திரைக்குக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

குரங்குக்கு மட்டும்தான் உண்மையான மாக்குலா. ஆனால் நோய் முற்ற அதற்கும் பல ஆண்டுகள் ஆகும். கூடவே ரத்த அழுத்தம் இருந்தால்தான் வேகம் பிடிக்கிறது என்று முதிய, பருத்த ரீசஸ் குரங்குகளில் பார்த்திருக்கிறார்கள். ஓராண்டுத் திட்டத்துக்குக் குரங்கைக் கேட்பது நியாயமே இல்லை.

ஆக, உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். இம்ப்ளான்ட் மனித அளவுக் கண்ணில் எப்படி நடந்துகொள்கிறது, மருந்து எவ்வளவு நாள் நிற்கிறது என்பது ஒன்று. அதற்கு நீரிழிவே வேண்டாம், ஆரோக்கியமான பன்றி போதும். கசிவைத் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குக் கசிவு உறுதியாக வரும் மாதிரி வேண்டும். அது பெரும்பாலும் பன்றியாக இருக்காது.

பதில் 2 – மந்தைக்காவல்

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீரிழிவுச் சூழலில் இம்ப்ளான்ட் எப்படி இருக்கும் என்று ஒரு சிறு குழுவிலாவது பார்க்க நினைப்பீர்கள். அதற்கான கைவேலை இதோ.

யுகட்டான் என்றால் மூன்று நான்கு மாதம், 15–20 கிலோ எடையில் வாங்குங்கள். சாதாரணப் பண்ணைப் பன்றி ஆறு மாதத்தில் 100 கிலோ தொடும், மேசையில் தூக்கிவைக்கவே நாலு பேர் வேண்டும். வந்தபின் குறைந்தது இரண்டு வாரம் பழக்கம்: தொங்கு தூளியில் நிற்க, காதைத் தொட விட, குத்தினால் பதறாமல் இருக்க. ரத்தம் எடுக்கக் கழுத்துச் சிரையில் நிரந்தர போர்ட் ஒன்றை இந்தக் கட்டத்திலேயே வைத்துவிடுங்கள். கயிறு போட்டு இழுத்துப் பிடித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை எகிறித்தான் இருக்கும், அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஸ்ட்ரெப்டோசோடோசின் அளவு: யுகட்டானுக்கு ஒரே தடவையாக கிலோவுக்கு 150 மி.கி., அல்லது 50 மி.கி. வீதம் மூன்று நாள். கோட்டிங்கன் என்ற இன்னொரு குட்டைப்பன்றி இனத்துக்கு லேசான நீரிழிவு போதும் என்றால், நிகோடினமைடு கிலோவுக்கு 67 மி.கி. கொடுத்துவிட்டு 125 மி.கி. கொடுக்கும் முறை 2002-இல் வெளிவந்தது. எலிக்கான 55–65 மி.கி. கணக்கைப் பன்றிக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது. சில நாள் சர்க்கரை ஏறி மீண்டும் இறங்கிவிடும்.

20 கிலோ பன்றிக்கு 150 என்றால் 3 கிராம் மருந்து. விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 0.1 மோலார் சோடியம் சிட்ரேட் தாங்கல் கரைசல், பிஹெச் 4.5, பனிக்கட்டியில் குளிர்ந்தது. பொடியை விலங்கு மேசையில் படுத்து, சிரை வழி திறந்து, எல்லாம் தயாரான பிறகுதான் கரைக்க வேண்டும். மி.லி.க்கு 50 மி.கி. என்றால் 60 மி.லி. வரும். ஊசிக்குழலைப் படலத்தாளால் மூடி, கரைத்த கால் மணி நேரத்துக்குள் முழுவதும் உள்ளே போய்விட வேண்டும். நடுநிலை பிஹெச்-இல் இந்த மூலக்கூறு வேகமாகச் சிதையும். முந்தின நாள் கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததை நம்பாதீர்கள். அதற்காக ஒரே அழுத்தாக அழுத்திவிடவும் கூடாது. 60 மி.லி. சிட்ரேட் ரத்தத்துக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈசிஜி பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவு பட்டினி, தண்ணீர் மட்டும் உண்டு. வாந்தித் தடுப்பு மருந்து முன்பே. முன்னும் பின்னும் சலைன் ஓடட்டும், சிறுநீரகத்துக்கு நல்லது. விழித்ததும் தீனி வையுங்கள்.

விலங்கை இழப்பது பெரும்பாலும் முதல் இரவில்தான். மருந்து ஏறிய சில மணி நேரத்தில் சர்க்கரை கூடும். பிறகு, சாகும் பீட்டா செல்கள் கையிருப்பு இன்சுலினை மொத்தமாகக் கொட்டும்போது சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். ஆறாம் மணியிலிருந்து இருபத்துநான்கு மணி வரை மிக ஆபத்து, சிலவற்றில் இரண்டாம் நாளும் நீளும். இரண்டு மணிக்கொருமுறை பாருங்கள். 60 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போனால் தீனிக்குக் காத்திருக்க வேண்டாம், டெக்ஸ்ட்ரோஸை நீர்த்து சிரையில் விடுங்கள். ‘பன்றி தூங்குகிறது’ என்று இரவுப் பணியாளர் எழுதிவைத்த குறிப்பு பல கூடங்களில் காலையில் வேறு அர்த்தம் பெற்றிருக்கிறது.

72 மணிக்குப் பிறகு, இரண்டு வெவ்வேறு நாளில், பட்டினிச் சர்க்கரை 250-க்கு மேல் என்றால் நீரிழிவு நிலைத்தது. 300–400 மி.கி./டெ.லி. என்ற பட்டையில் நிறுத்த நீண்டநேர இன்சுலினைக் கிலோவுக்கு 0.1–0.2 யூனிட்டில் தொடங்கி, எடையைப் பார்த்துக் கூட்டுங்கள். இன்சுலினே தராமல் விட்டால் குட்டி வளராது. வளராத குட்டியின் கண்ணும் சின்னதாகவே இருக்கும். பிறகு விழித்திரைத் தடிப்பை வளர்ந்த கட்டுப்பாட்டுப் பன்றியோடு ஒப்பிட்டு என்ன பயன்? அச்சு நீளத்தை அல்ட்ராசவுண்டில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பன்றிக்குக் கீட்டோன் எளிதில் ஏறாது. எனவே சிறுநீர்ப் பட்டையில் ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். எடை, தோல் வறட்சி, தண்ணீர் குடிக்கும் அளவு இவற்றைப் பாருங்கள். பீட்டா செல் மிச்சம் இருக்கிறதா என்று அறிய இன்சுலின் அளவு உதவாது, நீங்கள் ஊசியில் போட்டதும் அதில் சேர்ந்து வரும். பன்றிக்கான சி-பெப்டைடு (உடலே சுரக்கும் இன்சுலினோடு மட்டும் வெளிவரும் துணுக்கு) சோதனை கேளுங்கள்.

ஸ்ட்ரெப்டோசோடோசின் மரபுப்பொருளைக் கெடுக்கும் பொருள். புற்றுநோய் மருந்துக்கான ஹூடில் கரைத்து, இரட்டைக் கையுறை போட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கை வைக்கோலையும் சிறுநீரையும் ஆபத்துக் கழிவாக ஒதுக்குங்கள். கூடத்தைக் கழுவும் ஆளிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கதவில் ஒட்டிய ஆங்கிலத் தாளை அவர் படிக்கப்போவதில்லை.

பதில் 3 – சிவப்பணு

சர்க்கரையை எப்படி அளப்பது என்று யாரும் சொல்லவில்லை. பன்றித் திட்டங்களில் சத்தமில்லாமல் தரவைக் கெடுப்பது அதுதான்.

ஹெச்பிஏ1சி (ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை வைத்துச் சில மாதச் சராசரி பார்க்கும் சோதனை) பன்றிக்கு உதவாது. வளர்ந்த பன்றியின் சிவப்பணுக்களுக்குள் குளுக்கோஸ் கிட்டத்தட்ட நுழைவதே இல்லை. அவற்றின் எரிபொருளுக்கு இனோசின் போன்றவை. உள்ளே சர்க்கரை இல்லாதபோது ஹீமோகுளோபினில் எது ஒட்டும்? சர்க்கரை 400-இல் நிற்கும் பன்றிக்கும் ஹெச்பிஏ1சி அப்பாவியாக வரும். ஃபிரக்டோசமின் பாருங்கள், அது சீரப் புரதத்தில் ஒட்டுவது, சிவப்பணுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்லும். ஆல்புமின் குறைந்திருந்தால் அதுவும் குறைத்துக் காட்டும், ஆகவே ஆல்புமினையும் சேர்த்து எழுதுங்கள்.

இதே காரணத்தால் மருந்துக்கடைக் குளுக்கோமீட்டரும் தவறும். மனித ரத்தத்தில் குளுக்கோஸ் பிளாஸ்மாவில் 58 சதவீதம், சிவப்பணுவில் 42 என்ற பிரிவினையை மனத்தில் வைத்து அந்தக் கருவியை அளவீடு செய்திருக்கிறார்கள். நாயில் அது 87.5-க்கு 12.5. பன்றியில் ஏறக்குறைய எல்லாமே பிளாஸ்மாவில். முதல் சில வாரம் ஒவ்வொரு அளவீட்டிலும் பாதி ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, பிளாஸ்மாவில் ஆய்வகக் கருவியால் அளந்து, உங்கள் மீட்டர் எவ்வளவு விலகுகிறது என்று ஒரு கோடு வரைந்துவிடுங்கள். விலங்கின் ஹிமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மாறினால் கோடும் மாறும்.

இன்னொன்று. சைலசின், மெடிடோமிடின் போன்ற ஆல்ஃபா-2 மருந்துகள் இன்சுலின் சுரப்பை அடக்கிச் சர்க்கரையை ஏற்றும். படம் எடுக்க மயக்கிய நாளில் எடுத்த சர்க்கரையைக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

பதில் 4 – ஓசிடிக்காரன்

படப் பகுதிக்கு வருகிறேன். மயக்கம் லேசாக இருந்தால் பன்றியின் கண் கீழ்நோக்கி உருண்டுவிடும், ஓசிடியில் இமைதான் தெரியும். விழிவெண்படல ஓரத்தில் இரண்டு தையல் போட்டு இழுத்து நிறுத்தலாம். மெதுவாக இழுங்கள், அதிகம் இழுத்தால் கண்ணழுத்தம் ஏறி நாளமே வெளுத்துப்போகும். அதையே ரத்தம் பாயாத பகுதி என்று படித்துவிடும் அபாயம் உண்டு.

கருவிழி மூன்று நான்கு நிமிடத்தில் உலர்ந்து மங்கும். ஒருவரை அதற்கென்றே நிறுத்தி நிமிடத்துக்கு ஒரு சொட்டுச் செயற்கைக் கண்ணீர் விடச் சொல்லுங்கள். கண்பாப்பா விரிய டிராபிக்கமைடு 1 சதவீதமும் ஃபினைல்எஃப்ரினும் போட்டு அரை மணி காத்திருங்கள். நிறமி அடர்ந்த கருந்திரை சீக்கிரம் விரியாது. மூச்சசைவு ஓசிடியைக் கலைக்கும், வென்டிலேட்டரில் இருந்தால் ஸ்கேன் நேரத்துக்கு மட்டும் மூச்சைச் சில நொடி நிறுத்தலாம்.

மையக்குழி இல்லாததால் ஓசிடி மென்பொருளின் தானியங்கி வரைபடம் எங்கேயோ போய் உட்காரும். பார்வை நரம்புத் தட்டின் விளிம்பை அடையாளமாக வைத்து, அதற்கு மேல் கூம்புப் பட்டையில் ஒரே இடத்தை ஒவ்வொரு முறையும் எடுங்கள். முதல் நாளே நாளக் கிளைப்பு இரண்டைக் குறித்து வரைந்துவைத்தால் ஆறாம் மாதம் தேட வேண்டியதில்லை.

ஆஞ்சியோகிராமுக்கு 10 சதவீத ஃபுளோரசின், கிலோவுக்கு 0.1 மி.லி. பதிவை முதலில் ஓடவிட்டு, பிறகு காதுச் சிரையில் செலுத்துங்கள். சிரைக்கு வெளியே கசிந்தால் காது மடல் நாள்கணக்கில் மஞ்சளாகும், திசு அழுகவும் செய்யலாம். முதலில் சலைன் விட்டு வழி சரியா என்று பாருங்கள்.

ஈஆர்ஜி எடுப்பதானால் ஒரே மயக்க முறையை ஆண்டு முழுவதும் மாற்றாதீர்கள். ஐசோஃபுளூரேன் பி-அலையைத் தாழ்த்தும். புரோபோஃபால் தொடர்ச்சொட்டு மேல். பதிவு நேரத்துச் சர்க்கரையும் உடல் வெப்பமும் அலையை மாற்றும், இரண்டையும் அதே தாளில் எழுதுங்கள்.

கண்புரை: நாயைவிடத் தாமதம் என்றாலும் பன்றிக்கும் வரும். இரண்டு வாரத்துக்கொருமுறை ஸ்லிட்லேம்பில் பார்த்துத் தரம் எழுதுங்கள். லென்ஸ் மங்கும்போது ஓசிடியின் சமிக்ஞை பலம் குறைந்து, அடுக்குகளின் எல்லையை மென்பொருள் தவறாக வரையும். ‘விழித்திரை மெலிந்தது’ என்று ஒரு பொய் முடிவு கிடைக்கும்.

பதில் 5 – விழிவைத்தியர்

கண்புரைக்குப் பயந்து முன்கூட்டியே லென்ஸை எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்வதற்குமுன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இளம் பன்றியின் கண் அறுவைக்குப்பின் ஃபைப்ரினைக் கொட்டும், லென்ஸ் உறை சில வாரத்தில் மறுபடி மங்கும். அந்த அழற்சியே விழித்திரை நாளங்களைக் கசியவைக்கும். நீங்கள் அளக்கப்போவதும் அதே கசிவைத்தான்.

இம்ப்ளான்ட் வைக்கும்போதும் லென்ஸைக் கவனியுங்கள். பன்றி லென்ஸ் தடியானது, பார்ஸ் பிளானா (ஊசி நுழைக்கும் வளையப் பகுதி) குறுகலானது. லிம்பஸிலிருந்து (கருவிழியின் விளிம்பு) 3–3.5 மி.மீ. தள்ளி, ஊசியைப் பின்னோக்கிப் பார்வை நரம்புத் திசையில் சாய்த்துச் செலுத்துங்கள். நேராகக் குத்தினால் லென்ஸின் பின்புறத்தைத் தொடும். பத்து நாளில் ஒரு பக்கம் மட்டும் மங்கல் தெரியும், அதை நீரிழிவுக் கண்புரை என்று கணக்கெழுதுவார்கள். இரு கண்ணிலும் சமமாக வராத புரையைச் சந்தேகியுங்கள்.

மருந்து எதைப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். ரானிபிசுமாப் எலி, சுண்டெலிகளின் விஇஜிஎஃப்-ஐப் பிடிப்பதில்லை, அஃப்லிபர்செப்ட் பிடிக்கும். உங்கள் மூலக்கூறு பன்றியின் விஇஜிஎஃப்-ஐப் பிடிக்குமா என்று சோதனைக் குழாயில் பார்க்காமல் ஒரு பன்றிகூட வாங்காதீர்கள். மனிதப் புரதத்தைப் பன்றிக் கண்ணில் மாதக்கணக்கில் விட்டால் எதிர்ப்பொருள் உருவாகி யுவியைட்டிஸ் (கண்ணுக்குள் அழற்சி) வரலாம், மருந்தும் வேகமாகக் காணாமல் போகும். அதை இம்ப்ளான்ட்டின் குறை என்று எண்ணிவிடாதிருக்க, மருந்தில்லாத இம்ப்ளான்ட் வைத்த குழு ஒன்று கட்டாயம்.

பதில் 6 – நுண்ணோக்கி

திசு வேலைக்கு ஒரு சில வரி. கண்ணை எடுத்ததும் பத்து நிமிடத்துக்குள் திறந்து நிலைப்படுத்தும் கரைசலில் போடுங்கள். ஒரு கண்ணில் பாதி எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் குளூட்டரால்டிஹைடில், பாதி டிரிப்சின் செரிப்புக்கு ஃபார்மலினில். எங்கே வெட்டுவது என்று முன்பே வரைபடம் வேண்டும். மையத்துக்கும் ஓரத்துக்கும் அடிச்சவ்வுத் தடிப்பே வேறு. ஒரு விலங்கில் மையம், இன்னொன்றில் ஓரம் என்று எடுத்தால் எல்லாம் வீண்.

டிரிப்சின் செரிப்புக்கு: 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் இரண்டு நாளாவது. விழித்திரையைப் பிரித்து, ஒட்டிய விட்ரியஸை (கண்ணுக்குள் நிறைந்த கூழ்) முடிந்தவரை எடுத்து, ஓடும் நீரில் இரவு முழுக்க. பிறகு 3 சதவீத டிரிப்சின், பிஹெச் 7.8 டிரிஸ் கரைசலில், 37 டிகிரி. ஒரு மணியில் பார்க்கத் தொடங்குங்கள். ஓரம் நூல்நூலாகப் பிரியத் தொடங்கியதும் வெளியே. வடிநீரில் மாற்றி மாற்றி அலசி, மெல்லிய முடித்தூரிகையால் நரம்புத் திசுவைத் தட்டி உதிர்த்தால் நாள வலை மட்டும் மிஞ்சும். கண்ணாடித் தட்டில் உலர்த்தி பிஏஎஸ்-ஹிமட்டாக்சிலின் சாயம். பன்றியில் உள் எல்லைச் சவ்வு விடாமல் ஒட்டிக்கொள்ளும், அது மிஞ்சினால் வலை சுருண்டு போகும். அதிகம் செரித்தால் பெரிசைட்டுகளே உதிர்ந்து, நோய் இல்லாத விலங்கிலும் ‘இழப்பு’ தெரியும். எனவே கட்டுப்பாட்டு விலங்கின் துண்டையும் அதே கிண்ணத் தொகுதியில், அதே நாளில் செரியுங்கள், எண்ணுபவருக்கு எது எது என்று தெரியக் கூடாது.

எல்லோரும் விட்டுவிடும் ஒரு குழுவைச் சொல்கிறேன்: ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்து, இன்சுலினால் சர்க்கரையை இயல்பில் வைத்த விலங்குகள். அது இல்லாமல் நீங்கள் பார்ப்பது சர்க்கரையின் வேலையா மருந்தின் நச்சா என்று பிரிக்க முடியாது. இந்தச் சிக்கலே இல்லாத மாதிரி மியூனிக்கில் இருக்கிறது. அங்கே உருவாக்கிய ஐஎன்எஸ் சி94ஒய் மரபுமாற்றப் பன்றிகளில் இன்சுலின் மரபணுவிலேயே பிழை, பிறந்த சில நாளில் நீரிழிவு. நீண்டகாலம் வளர்த்தவற்றின் விழித்திரையில் மைய வீக்கம் வரை பார்த்ததாக 2017-இல் டயபெட்டோலோஜியா இதழில் வந்தது. வாங்கிக் கொண்டுவருவது வேறு கதை.

புள்ளியியலில்: ஒரு பன்றியின் இரண்டு கண்ணும் இரண்டு மாதிரி ஆகாது. பன்னிரண்டு பன்றி என்றால் எண்ணிக்கை பன்னிரண்டுதான், இருபத்துநான்கு என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.

வெண்படலம்

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் திட்டத்தை மாற்றுகிறேன்: ஆரோக்கியமான பன்றி எட்டில் இம்ப்ளான்ட்டும் மருந்து அளவும், ஸ்ட்ரெப்டோசோடோசின் பன்றி நான்கில் பாதுகாப்பு மட்டும், பலனைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. கசிவைத் தடுப்பதைக் காட்ட எதை எடுப்பது? அனுமதிக்கு எங்கே போக வேண்டும்? நிறுவனக் குழுவே போதுமா?

பதில் 7 – மந்தைக்காவல்

கசிவுக்கு முயல். டட்ச் பெல்டட் இனம் எடுங்கள், வெள்ளை முயலின் நிறமியற்ற கண்ணில் பின்னணி ஒளி அதிகம். மனித விஇஜிஎஃப்165-ஐ 1 மைக்ரோகிராம் கண்ணுக்குள் செலுத்தினால் இரண்டு மூன்று நாளில் நாளங்கள் பருத்து வளைந்து கசியும். ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். இம்ப்ளான்ட் வைத்து ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து விஇஜிஎஃப் செலுத்திப் பார்த்தால் மருந்து எதுவரை தாங்குகிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு காலப்புள்ளிக்கும் தனி விலங்கு வையுங்கள், ஒரே கண்ணில் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அழற்சி சேரும். அடங்காத கசிவு வேண்டுமென்றால் டிஎல்-ஆல்ஃபா-அமினோஅடிபிக் அமிலம்: விழித்திரையைத் தாங்கும் முல்லர் செல்களைக் கெடுத்து மாதக்கணக்கில் கசியவைக்கும். முயல் விழித்திரையில் நாளம் இருப்பது நரம்புத் தட்டின் இருபுறமும் உள்ள இரண்டு சிறகுகளில் மட்டும்; மற்ற இடத்தில் தேடாதீர்கள். விட்ரியஸ் அளவு முயலில் சுமார் 1.5 மி.லி., பன்றியில் ஏறக்குறைய 3, மனிதரில் 4. இம்ப்ளான்ட்டின் மருந்துச் செறிவை இந்தக் கணக்கில் மாற்றி எழுதுங்கள். இது நீரிழிவு மாதிரி இல்லை, கசிவு மாதிரி. தலைப்பிலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

அனுமதி: இந்தியாவில் முயலுக்கு நிறுவன விலங்கு நெறிக்குழுவே ஒப்புதல் தரலாம். பன்றிக்கு முடியாது. நிறுவனக் குழு பரிந்துரைத்து, படிவம் பி-யோடு மத்தியக் குழுவான சிசிஎஸ்இஏ-வுக்குப் போக வேண்டும். முன்பு சிபிசிஎஸ்இஏ என்றிருந்த அதே குழு. பெரிய விலங்குக்கு ஆய்வு முடிந்தபின் மறுவாழ்வு என்ன, அதற்கான செலவு எங்கே என்று கேட்பார்கள். கண்ணை எடுத்துத் திசு பார்ப்பது உங்கள் நோக்கம் என்பதால் கருணைக்கொலை ஏன் தவிர்க்க முடியாதது, எந்த மருந்தால், யார் செய்வார் என்பதை முதல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஸ்ட்ரெப்டோசோடோசின் குழுவுக்கு எந்த எடை இழப்பில், எந்தச் சர்க்கரை அளவில் விலங்கை ஆய்விலிருந்து எடுப்பீர்கள் என்ற எண்களும் வேண்டும். எண் இல்லாமல் ‘தேவைப்பட்டால்’ என்று எழுதிய விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பிவரும். அடுத்த கூட்டம்வரை காத்திருக்க நேரும். ஓராண்டுக் கணக்கில் அந்த மாதங்களையும் இப்போதே கழித்துக்கொள்ளுங்கள். நிறுவனக் குழுவின் ஒப்புதல் கிடைத்ததும் முயல் வேலையைத் தொடங்கிவிடலாம், பன்றி ஒப்புதல் வரும்போது விஇஜிஎஃப் பிடிப்புச் சோதனையும் முடிந்திருக்கும்.